இரண்டு ராத்திரிக் காவல்

அத்தைக்கு ஆத்தூரில் ஒரு கல்யாணம் இருந்தது. அதனால்தான் நான் கச்சிராயபாளையம் போனேன். நாத்தனார் மகள் கல்யாணம், தட்ட முடியாது. பெண்ணழைப்புக்கு முதல் நாளே போய், முகூர்த்தம் முடிந்து மறுநாள்தான் திரும்ப முடியும். ஆக, இரண்டு ராத்திரி. "வீட்டப் பூட்டிட்டுப் போயிருவேன் தம்பி, பின்னாடி இருக்குற உசுருங்கள எந்தப் பூட்டால பூட்டறது?" என்று போனில் கேட்டார். எனக்கும் சென்னையில் தலைபோகிற வேலை எதுவும் இல்லை. அதோடு எனக்கு வேறு ஒரு ஆசை. கல்வராயன் மலையில் மேகம் அருவியைப் பார்க்க வேண்டும் என்று இதற்கு முன் இரண்டு தடவை கிளம்பி இரண்டு தடவையும் கைகூடவில்லை. காவலும் ஆச்சு, அருவியும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன்.

தை மாதம். கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியதிலிருந்து வழி நெடுக கரும்பு டிராக்டர்கள். ஒன்றை முந்தினால் முன்னால் இன்னொன்று. கரும்புக் கட்டுகள் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு போவதால் பஸ்காரருக்கு ஒதுங்கவும் இடம் இல்லை. கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இரண்டில் முதலாவது மூங்கில்துறைப்பட்டில் இருக்கிறது. இரண்டாவது இங்கே, கச்சிராயபாளையத்தில். அரவை நடக்கும் மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் ஊர் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும். காய்ச்சிய பாகின் இனிப்பு முதலில் வரும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மொலாசஸின் புளிப்பு வரும். ஊருக்குப் பின்னால் சாம்பல் நீலத்தில் கல்வராயன் மலை. அதன் காலடியில் கோமுகி அணை. 46 அடி அணைதான், ஆனால் சுற்றுவட்டாரத்தின் நெல்லும் கரும்பும் அதன் முகத்தைப் பார்த்துத்தான் நிற்கின்றன. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது கள்ளக்குறிச்சிக்குக் கிடைத்த சொத்தில் இந்த மலையும் ஒன்று.

வீடு மொத்தம் நாலு சென்ட். முன்னால் மாமாவின் தையல் மிஷின் போட்ட திண்ணை, இரண்டு அறை, சமையல்கட்டு, ஒட்டி ஒரு குளியலறை. தெருவில் இருக்கிற இருபது வீட்டில் இதுவும் ஒன்று. வித்தியாசமாக ஒன்றும் தெரியாது. பின்கதவைத் திறந்தால்தான் விஷயம். எனக்குச் சின்ன வயதிலிருந்து வீட்டின் பின்புறம் என்றால் 'கொல்லை'. இந்தப் பக்கத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் ஊருக்கு வெளியே இருக்கும் புன்செய்க் காட்டைக் காட்டுவார்கள். வீட்டுக்குப் பின்னால் இருப்பது 'தோட்டத்துப் பக்கம்'. ஒரே ஒரு எலுமிச்சைச் செடி நின்றாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அதே பெயர்தான்.

அத்தை வீட்டில் அது பல வருஷம் பெயரளவில்தான் தோட்டம். சிமெண்ட் தளம் போட்டு, துணி காயப்போடக் கம்பி கட்டி, பெருக்கித் தள்ளச் சுலபமாக வைத்திருந்தார். 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. "கறிவேப்பிலைக்கு வழியில்லாம நின்னேன்டா. மலையடிவாரத்துல குடியிருந்துக்கிட்டு கறிவேப்பிலைக்கு!" மாமாவுக்கும் தையல் வேலை நின்றுபோயிருந்தது. இருவருமாகக் கடப்பாரையை எடுத்துப் பாதித் தளத்தைப் பெயர்த்தார்கள். மூன்று வாரம் ஆனதாம். பெயர்ந்த சிமெண்ட் பாளங்களை அள்ளி வெளியே கொட்டவில்லை. அவைதான் இன்றைக்குப் பாத்திகளுக்கு வரப்பு.

என்னிடமும் ஒரு தோட்டக் கதை உண்டு. அதே வருஷம் மொட்டை மாடியில் தோட்டம் போடுகிறேன் என்று பைகள், தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், பாக்கெட் விதை, பூவாளி, நிழல் வலை என்று 6,800 ரூபாய்க்கு வாங்கினேன். ஒன்பது தக்காளி காய்த்தது. வகுத்துப் பார்த்து, தக்காளி ஒன்று 755 ரூபாய் என்று அத்தையிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் கடையில வாங்குனா அப்புறம் தோட்டத்துல என்ன வேலை உனக்கு?" என்றார்.

கிளம்புவதற்கு முன் என்னைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்கும் சுற்று. அதில் நான் தெரிந்துகொண்ட முதல் சங்கதி, அந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் செடிக்கு நேராகப் போவதே கிடையாது. "ஒரு வேலையாவது செஞ்சுட்டுத்தான் தண்ணி மண்ணுக்குப் போகணும்." குளியலறைச் சுவரில் ஒரு ஓட்டை. அதிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு ஜல்லி நிரப்பிய வாய்க்கால். சோப்பு நுரை அதிலேயே அடங்கிவிட, மிச்சம் இரண்டு வாழைக்கும், வாழையைத் தாண்டிச் சேம்புக்கும் போகிறது. அரிசி களைந்த கழனித் தண்ணி ஆட்டுக்கு. பாத்திரம் சாம்பலும் சீயக்காயும் போட்டுத் தேய்ப்பதால் அந்தத் தண்ணீர் கத்தரிக்கும் மிளகாய்க்கும். துணி துவைத்தது மட்டும் முருங்கைக்கு, "அது எதைக் குடிச்சாலும் தாங்கும்."

தண்ணீர் மாதிரியே மற்றதும். காய்த்தோல் ஆட்டுக்கு. ஆடு முகர்ந்துவிட்டு ஒதுக்கியது கோழிக்கு. கோழி கிளறிவிட்டு மிச்சம் வைத்தது குழிக்கு. ஆட்டுப் புழுக்கையும் அதே குழிக்கு. ஆறு மாதம் மக்கியபின் குழியிலிருந்து பாத்திக்கு. அடுப்புச் சாம்பல் அவரைக்கு. தை மாதப் பனியில் அவரைக் கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கொள்ளும் அசுவினிக்கு, விடியற்காலையில் இலை ஈரமாக இருக்கும்போது சலித்த சாம்பலைத் தூவ வேண்டும். வெயில் ஏறியபின் தூவினால் ஒட்டாது. "அஞ்சரைக்கு எழுந்திருப்பியா?" என்று கேட்டார். எழுந்திருப்பேன் என்று சொல்லிவைத்தேன்.

அவரைப் பந்தலை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சிக்குக் குச்சி கட்டியிருந்ததெல்லாம் ரவிக்கைத் துணி. மாமா வெட்டித் தள்ளிய ஓரத் துண்டுகள்: ராமர் பச்சை, மாம்பழ மஞ்சள், ஜரிகை ஒட்டிய அரக்கு. ஒரு சுருக்குக்கூடக் கொடியை இறுக்கவில்லை. கொடி பருக்க இடம் விட்டு, ஒரு விரல் நுழைகிற தளர்ச்சியில் எட்டு மாதிரி முடிச்சுப் போட்டிருந்தார்கள். மேலே வெள்ளையும் ஊதாவுமாகப் பூ, கீழே ஊரிலுள்ள அத்தனை பேர் ரவிக்கையின் சாடை. "அந்த அரக்கு யாரோடது தெரியுமா, தலைவாசல் டீச்சரோடது" என்றார் மாமா, திண்ணையிலிருந்து.

பைசா செலவில்லாமல் வந்த தோட்டம் என்று எழுதினால் அது பொய். ஆலையில் கரும்புச் சாறு வடித்தபின் மிஞ்சும் அழுக்கு மண்ணை எருவாக எடுத்துப்போவது இங்கே விவசாயிகள் வழக்கம். அத்தையும் சொல்லிவைத்து ஒரு லோடு இறக்கினார். முதல் தடவை அப்படியே பாத்தியில் கொட்டியதில் நாற்று அத்தனையும் கருகிவிட்டது. அது சூடு, நன்றாக மக்க வைத்தபின்தான் செடிக்குக் காட்ட வேண்டும். கரும்புச் சோகை மட்டும் கேட்பவருக்கெல்லாம் இலவசம். வெட்டிய வயல்களில் கொளுத்துவதற்கு முன் போய் நாலு கட்டு கொண்டுவந்து பாத்திகளுக்கு மூடாக்குப் போட்டுவிடுகிறார். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொன்ன மூடாக்குதான். அத்தைக்கு அவர் பெயர் தெரியும், பேச்சைக் கேட்டதில்லை. மண் காயாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தார், அவ்வளவுதான்.

அதே போல, எல்லாவற்றையும் விளைவிக்கும் வீம்பும் அவரிடம் இல்லை. வெங்காயம், உருளைக்கிழங்கு கடையில்தான். தக்காளி மலிவாகக் கொட்டிக் கிடக்கிற மாதங்களில் அதற்கு ஒரு சாண் இடம் தர மாட்டார். மார்கழி, தையில் முருங்கைக்காய் விலை ஏறி, வாங்குபவர்கள் ஒன்று இரண்டு என்று எண்ணி வாங்குகிற நாளில், "காய் இல்லன்னா என்ன, கீரை இருக்குதுல்ல" என்று அவர் மரத்தைப் பார்ப்பார். எது தினம் வேண்டுமோ, எது ஒரு நாளில் வாடுமோ, எது திடீரென்று விலை ஏறுமோ அதுதான் பாத்தியில். இந்த மூன்றுக்கும் சேராதது சந்தையில். மாடித் தோட்டக்காரர்களில் பாதிப்பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். கடையில் பத்து ரூபாய்க்குக் கிடைப்பதை நூறு ரூபாய் செலவழித்து விளைவித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம்.

அவர்கள் பஸ் ஏறிய பிறகு நானும் ஆடுமாக நின்றோம். கறுப்பு வெள்ளாடு, இரண்டு குட்டி. பக்கத்து வீட்டில் வாங்கியது. பக்கத்து வீட்டின் மந்தைக்கே ஆதி, அரசாங்கம் 2011-இல் தொடங்கிய விலையில்லா வெள்ளாடு, செம்மறியாடு திட்டத்தில் கிடைத்த நான்கு ஆடுகள் என்று அந்த வீட்டு ஆயா சொன்னார். வம்சாவளியை அவர் சொன்ன வேகத்துக்கு என்னால் தொடர முடியவில்லை. என் பொறுப்பில் இருந்தது ஏதோ ஒரு கொள்ளுப்பேத்தி.

கோழிகள் ஒன்பது, ஒரு சேவல். அதில் ஒன்று அடையில். சமையல்கட்டு மூலையில் மண் நிரப்பிய கூடை, மேலே வைக்கோல், பதினொரு முட்டை. ஓரத்தில் ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் காய்ந்த மிளகாயும். இடி இடித்தால் முட்டை கூழாகாமல் இருக்க. தை மாதத்தில் இடி எங்கே என்று கேட்கலாம், நான் கேட்கவில்லை. இருபத்தோரு நாளில் அன்றைக்குப் பதினாலாவது. தினம் ஒரு தரம் அது தானாக இறங்கி வந்து தின்று, தண்ணீர் குடித்து, எச்சம் போட்டுவிட்டு ஏறும். அந்தக் கால் மணி நேரத்தில் மற்றக் கோழி கூடைக்குள் ஏறிவிடாமல் பார்க்க வேண்டும். வெள்ளைக் கழிச்சல் ஒன்றுதான் அத்தைக்குப் பயம். ஒரு கோழிக்கு வந்தால் கூண்டே காலி. பிப்ரவரியில் கால்நடைத் துறையின் இருவாரத் தடுப்பூசி முகாம் வரும். குஞ்சு பொரித்து அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்றுதான் அடை வைத்த தேதியே.

தேதிகளெல்லாம் சமையல்கட்டுக் காலண்டரில் இருந்தன. நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் ஒரு எண்: அன்றைய முட்டை. 4, 5, 3, 5. 'கி' என்றால் ஆட்டைக் கிடாவுக்கு விட்ட நாள்; அதிலிருந்து ஐந்து மாதம் எண்ணிக் குட்டி போடும் வாரத்தை வட்டமிட்டிருந்தது. ஆணியில் பழைய வருஷத்துக் காலண்டர்களும் அப்படியே தொங்கின. ராத்திரி பொழுது போகாமல் புரட்டினேன். எண் எழுதாத கட்டங்கள் நாலரை வருஷத்தில் மூன்றே மூன்று. மூன்றும் அடுத்தடுத்த நாட்கள். பக்கத்து வீட்டு ஆயாவிடம் மறுநாள் கேட்டேன். "அவங்க அம்மா செத்தப்போ" என்றார்.

எனக்கு அருவி ஞாபகம் வந்தது அப்போதுதான்.

முதல் நாள் காலை ஐந்தரைக்கு எழுந்து சாம்பல் தூவினேன். பாதி அவரைக்கும் பாதி எனக்கும். கோழியைத் திறந்துவிட்டு, ஆட்டைக் கட்டு மாற்றி, அடைக்கோழியைக் காவல் காத்து நிமிர்ந்தபோது மணி ஒன்பதரை. சாயங்காலம் ஐந்தரைக்குள் கோழி கூண்டுக்குள் இருக்க வேண்டும். மலையடிவாரம், கீரிப்பிள்ளை சும்மா இருக்காது. நடுவில் எட்டு மணி நேரம். வெள்ளிமலை பஸ் ஏறினேன்.

அணையைத் தாண்டி மலைப்பாதை வளைய ஆரம்பித்தது. இந்த மலை வெகுகாலம் ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-இல்தான் அரசு முழுதாக எடுத்துக்கொண்டது. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் வழி நெடுக வந்தன. ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லார் வீட்டுப் பின்புறத்தையும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். இருபத்துநாலு மணி நேரத்தில் எனக்கு வேறு கண் வந்திருந்தது. அங்கே வீடு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியவில்லை. கூரையில் ஏறிய மொச்சை, வாசலில் காயும் துவரை, சாணி மெழுகிய களம், அதைத் தாண்டியதும் மரவள்ளி. ஜாவாத் தீவில் வீட்டைச் சுற்றி உயர உயரமாகத் தென்னை, வாழை, கிழங்கு, கோழி என்று அடுக்கி வளர்ப்பதை 'பெக்காரங்கான்' என்பார்கள். அதைப் படிக்க உலகத்துப் பேராசிரியர்களெல்லாம் போகிறார்கள். நம் மலைகளுக்கும் கொஞ்சம் பேர் வரலாம்.

பெரியார் அருவி சாலையோரத்திலேயே இருக்கிறது. தையில் மெலிந்த நீர். இறங்கி முகம் கழுவிவிட்டு மேகம் அருவிக்கு வழி கேட்டேன். காட்டுக்குள் நடக்க வேண்டும், போய்வர நேரம் பிடிக்கும் என்றார் டீக்கடைக்காரர். போனைப் பார்த்தேன். மணி பன்னிரண்டே கால். மனசுக்குள் கணக்குப் போட்டதில் அருவி ஓரத்திலும் கீரிப்பிள்ளை நடு வாசலிலும் நின்றது. அடுத்த பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டேன். மூன்றாவது தடவை.

சிக்கனத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மிச்சமாகிற பணத்தை மட்டும் சொல்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் இரண்டு கோடித் தோட்டம் போட்டார்கள், நாட்டின் காய்கறியில் நாற்பது சதவீதம் அதில் வந்தது என்றெல்லாம் பெருமையாகக் கணக்கு உண்டு. போர் முடிந்ததும் அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் யாரோ ஒருவர் ஊருக்குப் போகாமல் இருந்திருப்பார். பெரும்பாலும் ஒரு பெண். அத்தை தோட்டத்துக்குப் பணமாகக் கொடுப்பது மாதம் கொஞ்சம் புண்ணாக்குக்கும் நொய்க்கும் பூச்சி மருந்துக்கும்தான். மீதியை அவர் தன் நாட்களாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் நாள் காலையில் நல்லது செய்கிறேன் என்று ஒரு காரியம் செய்தேன். வேலியோரம் குச்சிக்கிழங்கு பத்துப் பதினைந்து நின்றது. இந்தப் பக்கத்தில் மரவள்ளிக்கு அதுதான் பேச்சுப் பெயர். லாரி லாரியாக ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் சரக்கு. தழை பசேலென்று கொழுத்து நின்றது. ஆடு அதையே பார்த்துக் கத்தியது. ஒரு கொத்து ஒடித்து நீட்டினேன். ஆடு இரண்டு இலையை வாய்க்குள் இழுத்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூச்சல். ஆயா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து ஆட்டின் வாயில் விரலை விட்டு இலையை வெளியே இழுத்தார்.

"படிச்சவருதான நீங்க? பச்சையாத் தின்னா நுரை தள்ளி நின்ன எடத்துல வுழுந்துரும்!"

மரவள்ளித் தழையிலும் தோலிலும் சயனைடாக மாறும் சத்து இருக்கிறது என்று நான் எங்கேயோ படித்திருக்கிறேன். படித்தது கைக்கு வரவில்லை. வெயிலில் நன்றாக வாட்டிக் காயவைத்தால் அந்த விஷம் பெரிதும் குறைந்துவிடும், அப்புறம் கொடுக்கலாம் என்று ஆயா சொல்லிக்கொடுத்தார். ஒரு மணி நேரம் இருவரும் ஆட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆடு எங்கள் முகத்தைப் பார்த்து அசைபோட்டது.

அந்த ஒரு மணி நேரத்தில் ஆயா நிறையப் பேசினார். தெருவில் ஒரு காலத்தில் பப்பாளியே இல்லாமல் போனதாம். வெள்ளையாக மாவு பூத்து, காயெல்லாம் வெம்பி, கிழங்குச் செடியும் சுருண்டு போயிற்றாம். "ரெண்டு மூணு வருசம் இருந்துச்சு, அப்புறம் தானாப் போயிடுச்சு." தானாகப் போகவில்லை. பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோவையில் முதலில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்கப் பரவியது. எந்த மருந்துக்கும் அசையவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். கடுகை விடச் சிறிய குளவி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிட்டு வெளியே வரும். அடுத்தடுத்த மாதங்களில் பூச்சி அடங்கிற்று. இதை ஆயாவிடம் சொன்னேன். "அம்மாந்தூரத்துலேருந்தா?" என்று வேலியோரப் பப்பாளியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "நம்ம தெருவுக்கு யாரும் வந்து வுடலியே" என்றார். அது தானே பறந்து வந்திருக்கும் என்றேன். "அதத்தான நானும் சொன்னேன், தானா" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் அத்தையும் மாமாவும் வந்தார்கள். அத்தை கல்யாணச் சேலையோடு, தாம்பூலப் பையைக்கூடக் கீழே வைக்காமல் பின்கதவுக்குப் போனார். ஆட்டைத் தொட்டுப் பார்த்தார். ஆயா அதற்குள் வேலியோரம் வந்து நடந்ததைச் சொல்லிவிட்டார். அத்தை என்னை ஒன்றும் சொல்லவில்லை. மாமாதான் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தார். அத்தை அடைக்கோழியின் வயிற்றடியில் கையை விட்டு எண்ணினார். பதினொன்று. பாத்தியில் மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு காலண்டருக்கு முன்னால் வந்து நின்றார்.

முதல் நாள் கட்டத்தில் நான் எழுதிய 4 இருந்தது. அடுத்தது காலி.

"இன்னைக்கு?"

ஆட்டுக் கலவரத்தில் முட்டையை மறந்தே போயிருந்தேன். கூடையில் பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று நினைவு. அத்தை பதில் சொல்லாமல் கொட்டாய்க்குப் பின்னால் போனார். விறகு அடுக்கின் சந்தில் முழங்கை வரை கையை விட்டு ஒவ்வொன்றாக மூன்று முட்டை எடுத்தார். "புது ஆளு நின்னா செவலை எடம் மாத்திப்புடும்" என்றார். பென்சிலால் கட்டத்தில் 3 என்று எழுதினார். எழுதிவிட்டு, அந்த மூன்றையும் ஒரு டப்பாவில் தவிட்டைக் கொட்டிப் புதைத்து, பந்தலிலிருந்து ஒரு ரவிக்கைத் துண்டை அவிழ்த்து மூடியைக் கட்டி என் பையில் வைத்தார்.

"மூணு மணி பஸ்ஸப் புடி. குலுக்காமப் போ."